தீவில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்: ஹொனலுலுவின் ஷாமினாட்டில் படிக்கப்போகும் பிள்ளைக்கு

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: பிளஸ் டூ முடித்த மகளுக்கு ஹவாயில், ஹொனலுலு நகரத்தில் உள்ள ஷாமினாட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சின்ன இடம், கத்தோலிக்க நிறுவனம், சுற்றிலும் கடல். நாங்கள் இந்துக் குடும்பம். அங்கே பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மதம் ஒரு பிரச்சினையாக வருமா? தீவில் அடைபட்டுப் போவாளா?

நான் ஹொனலுலுவில் பல வருடம் இருந்தவள். அந்தக் கேம்பஸுக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். அங்கே படித்த பிள்ளைகள் பலரோடு பழகியிருக்கிறேன். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன். உங்கள் மூன்று கவலைகளில் மதத்தைப் பற்றியது மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம். தீவைப் பற்றிய கவலையில் பாதி நியாயம். நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு விஷயங்களைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: சனி ஞாயிறுகள், அப்புறம் பணம்.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஹவாய் என்றதும் மனதில் வரும் வைக்கீக்கி கடற்கரையில் இந்தக் கேம்பஸ் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் கைமுக்கீ என்ற பழைய குடியிருப்புப் பகுதி வரும். அதை ஒட்டிய மலைச்சரிவில், கலாயேபோஹாக்கு என்று ஹவாயர்கள் அழைக்கும் இடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு ஏறி இறங்கித்தான் போக வேண்டும். முதல் மாதம் கால் வலிக்கும், பிறகு பழகிவிடும். மேலே நின்று பார்த்தால் டைமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலை, வைக்கீக்கியின் உயரமான ஓட்டல்கள், அதற்கு அப்பால் கடல் எல்லாம் தெரியும். பின்பக்கப் பள்ளத்தாக்கில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே முன்பக்கம் வெயில் அடிக்கும். அதனால் வானவில் அங்கே வாரத்தில் பல நாள் காணக்கூடிய ஒன்று.

அதே வளாகத்தில் செயின்ட் லூயிஸ் என்ற பள்ளியும் இருக்கிறது. 1846-ல் தொடங்கிய பழைய பள்ளி அது. மரியானிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் 1883-ல் ஹவாய்க்கு வந்து அதை நடத்தத் தொடங்கினார்கள். பள்ளி 1928-ல் இந்த மலைக்கு இடம் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் கட்டடங்களை எடுத்துக்கொண்டு மருத்துவமனையாக நடத்தியது. அந்தப் பள்ளியின் நிழலில் 1955-ல் இரண்டு வருடக் கல்லூரியாக முளைத்ததுதான் இன்றைய ஷாமினாட். 1957-ல் நான்கு வருடக் கல்லூரியானது, 1977-ல் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகள் காலையில் வகுப்புக்குப் போகும்போது சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் எதிரே வருவார்கள். மைதானத்தில் பள்ளி அணியின் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் பேர்போன மார்கஸ் மரியோட்டா, டூவா டகோவைலோவா இருவரும் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். பெரிய பல்கலைக்கழக நகரத்தை எதிர்பார்த்துப் போகும் பிள்ளைக்கு முதல் நாள் 'இவ்வளவுதானா?' என்றிருக்கும். முழுக் கேம்பஸையும் ஒரு காலைக்குள் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

சின்ன இடம் என்பதன் பொருளை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளங்கலை, முதுகலை எல்லாம் சேர்த்து மாணவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். அதிலும் எல்லோரும் பகலில் கேம்பஸில் இருப்பவர்கள் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் இணையத்திலும் படிப்பவர்கள் உண்டு. தீவில் ராணுவத் தளங்கள் நிறைய இருப்பதால் ராணுவக் குடும்பத்தினருக்காக நடக்கும் வகுப்புகளும் நெடுநாளாக உண்டு. ஆகவே உங்கள் மகள் தினமும் பார்க்கக்கூடிய சக மாணவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். நம் ஊரில் ஒரு நடுத்தர மேல்நிலைப் பள்ளியில் இதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள்.

இதனால் வரும் நன்மை மிகப் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியருக்கு முகம் தெரியாது, பாடம் சொல்லிக்கொடுப்பதில் பாதியை ஆராய்ச்சி மாணவர்கள் செய்வார்கள். இங்கே வகுப்பில் இருபது பேர், சில மேல்வகுப்புகளில் எட்டுப் பத்துப் பேர். பாடம் எடுப்பவர் பேராசிரியரேதான். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் 'என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?' என்று மின்னஞ்சல் வந்துவிடும். தங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தே பள்ளியை முடித்த பிள்ளைகள் இங்கே வாய் திறந்து பேசக் கற்றுக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒளிய இடமில்லை என்பதுதான் காரணம். பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் அந்தப் பிள்ளையை நன்றாகத் தெரிந்தவராக இருப்பார். பெரிய இடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்களுக்கும் இது எளிதில் கிடைப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பாடத்தை எடுக்க ஒரே ஆசிரியர்தான் இருப்பார். அந்தப் பாடம் வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டும் நடக்கும், சில பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஆகஸ்டில் எடுக்க வேண்டிய பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். அதை நம்பி இருக்கும் அடுத்த பாடமும் தள்ளிப்போகும், கூடவே ஒரு செமஸ்டர் கட்டணம் ஏறும். எனவே சேர்ந்த முதல் வாரமே ஆலோசகருடன் உட்கார்ந்து நான்கு வருடத்துக்குமான பாடத்திட்டத்தைத் தாளில் எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள். நர்சிங், தடய அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்ற துறைகளுக்கு அங்கே நல்ல பெயர் இருக்கிறது. உங்கள் மகள் தேர்ந்தெடுத்த துறை இவற்றில் ஒன்று என்றால் சரி. இடையில் மனம் மாறிப் பொறியியல் படிக்க வேண்டும் என்று தோன்றினால் இங்கே வழி குறைவு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு மனம் மாறுவது சகஜம், அதையும் கணக்கில் வையுங்கள்.

சின்ன இடத்தில் சண்டை வந்தாலும் முகம் பார்த்தே ஆக வேண்டும். தோழியோடு மனஸ்தாபம், காதல் முறிவு என்று எது வந்தாலும் மறுநாள் அதே உணவுக்கூடத்தில் அதே வரிசையில் நிற்க நேரும். ஊர் வாய் வேகமாக வேலை செய்யும். இது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஆனால் இதனாலேயே அங்கே மனிதர்கள் சீக்கிரம் சமாதானமாகவும் கற்றுக்கொள்கிறார்கள்.

சனி ஞாயிறு என்று மேலே சொன்னேனே, அதற்கு வருகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் பகல்நேர மாணவர்களில் பெரும்பங்கு, ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவிலேயே வீடு உள்ளவர்கள். காரிலோ பஸ்ஸிலோ வருவார்கள், வகுப்பு முடிந்ததும் வேலைக்கோ வீட்டுக்கோ போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு கேம்பஸ் அமைதியாகிவிடும். அமெரிக்கக் கல்லூரி என்றால் சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி, இரவு முழுக்கக் கொண்டாட்டம் என்று சினிமாவில் பார்த்ததை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் துவண்டுபோவார்கள். அந்த மாதங்களில்தான் வீட்டுக்குப் போன் செய்து அழுவார்கள். அது தெரிந்திருந்தால் நீங்கள் பதறாமல் இருக்கலாம்.

அந்த நேரத்தில் கைகொடுப்பவர்கள் ஹாஸ்டலில் இருக்கும் மற்ற பிள்ளைகள். குவாம், சைப்பான், அமெரிக்க சமோவா, மைக்ரோனேசியத் தீவுகள், ஹவாயின் மற்ற தீவுகளான மாவி, கவாயி, பெரிய தீவு என்று பல இடங்களிலிருந்து வந்து தங்கியிருப்பார்கள். அவர்களும் வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள். பெரிய கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள், சாப்பாட்டைப் பகிராமல் சாப்பிடத் தெரியாதவர்கள். நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வரும் மாணவர்களைவிட இவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வயதில் மூத்த எவரையும் ஹவாயில் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். உணவுக்கூடத்தில் பரிமாறுபவர், காவலாளி, தோழியின் அம்மா எல்லோருமே ஆன்ட்டி அங்கிள்தான். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். இதெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு உள்ளூர்த் தோழி கிடைத்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அந்த வீட்டில்தான். அதன் பிறகு வார இறுதி என்ற பிரச்சினையே இருக்காது. அழைத்தால் கூச்சப்படாமல் போகச் சொல்லுங்கள். இரண்டு முறை மறுத்தால் மூன்றாவது முறை அழைக்கத் தயங்குவார்கள்.

மதத்துக்கு வருவோம். அங்கே படிக்க நீங்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை, அங்கே படிப்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஏராளம். புத்த மதத்தினர், மோர்மன்கள், சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர், எந்த மதமும் இல்லாதவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். திருப்பலி என்ற ஆலய வழிபாட்டுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வளாகத்தில் சிற்றாலயம் இருக்கிறது, போக விரும்புகிறவர்கள் போகலாம். விழாக்களும் கூட்டங்களும் ஒரு ஜெபத்தோடு தொடங்கும். பொதுப் பாடங்களில் சமயமும் தத்துவமும் இடம்பெறும். சமயப் பாடம் என்றால் மதம் மாற்றும் வகுப்பு என்று பயப்பட வேண்டாம். படித்து, விவாதித்து, கட்டுரை எழுதும் பாடம் அது. ஒரு இந்துப் பிள்ளை தன் பாட்டி செய்யும் பூஜையைப் பற்றி எழுதினால் ஆசிரியர் ஆர்வமாகப் படித்து மேலும் நாலு கேள்வி கேட்பார். தமிழ்நாட்டில் எத்தனையோ இந்து, முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. திருச்சி செயின்ட் ஜோசப்ஸிலும் சென்னை லயோலாவிலும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களோ, இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆனால் 'கத்தோலிக்க' என்பதை வெறும் பெயர்ப்பலகை என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தின் குணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஷாமினாட் என்பது ஒரு மனிதரின் பெயர். வில்லியம் ஜோசப் ஷாமினாட், 1761-ல் பிறந்த பிரெஞ்சுக் குரு. பிரெஞ்சுப் புரட்சியின்போது தலைக்கு ஆபத்து இருந்தும் போர்தோ நகரத்தில் மறைந்து வாழ்ந்து ஊழியம் செய்தார். பிறகு ஸ்பெயினின் சரகோசாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தபோது ஆலயங்களும் பள்ளிகளும் சிதைந்து கிடந்தன. அவர் முதலில் கட்டடம் கட்டவில்லை. சாதாரண மக்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்தார். இளைஞர், வியாபாரி, வேலைக்காரர், பெண்கள் என்று எல்லோரும் அந்தக் குழுக்களில் இருந்தார்கள். அதிலிருந்து 1817-ல் பிறந்ததுதான் மரியானிஸ்ட் சபை. அந்தச் சபையில் குருக்களும், குருப்பட்டம் பெறாத சகோதரர்களும் சமமானவர்கள் என்பது தொடக்கத்திலிருந்தே கொள்கை. அவருக்கு 2000-ஆம் ஆண்டில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

மரியானிஸ்ட் கல்வி என்று அவர்கள் ஐந்து பண்புகளைச் சொல்வார்கள். விசுவாசம், முழுமையான கல்வி, சேவையும் நீதியும், மாற்றத்துக்கு ஏற்ப மாறுவது ஆகியவற்றோடு குடும்ப உணர்வும் அதில் ஒன்று. இந்த ஐந்தையும் ஹவாய் மரபுச் சிந்தனைகளோடு இணைத்தே ஷாமினாட்டில் சொல்லித்தருகிறார்கள். குடும்ப உணர்வு என்பதற்கு ஓஹானா என்பார்கள். சுவரில் எழுதிவைத்த வாசகமாக நின்றுபோகாமல் இது நடைமுறையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவனின் தந்தை இறந்தால் ஆசிரியர்களும் வருகிறார்கள். கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளையை யாராவது ஒருவர் கவனித்துவிடுகிறார். பாடத்தோடு சேர்த்துச் சமூகப் பணியும் செய்ய வைக்கிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, உணவு வழங்கும் இடங்களில் உதவுவது, ஓடைகளைச் சுத்தம் செய்வது என்று அது போகும். முதலில் மார்க்குக்காகப் போகிற பிள்ளைகள் பிறகு தானாகவே போவார்கள்.

ஹவாயில் கத்தோலிக்க மதத்தின் கதையும் தனி. 1827-ல் முதல் பிரெஞ்சுக் குருக்கள் வந்தபோது, சீர்திருத்த சபை மிஷனரிகளின் செல்வாக்கில் இருந்த ஆட்சியாளர்கள் அவர்களை விரட்டினார்கள், மதம் மாறிய ஹவாயர்களைத் தண்டித்தார்கள். 1839-ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்தில் வந்து மிரட்டிய பிறகுதான் வழிபாட்டு உரிமை கிடைத்தது. அப்புறம் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்த போர்த்துகீசியர், போர்ட்டோ ரிக்கர், பிலிப்பினோக்கள்தான் அந்த மதத்தை அங்கே ஊர் மதமாக ஆக்கினார்கள். ஆகவே அங்கே கத்தோலிக்கம் பெரும்பாலும் உழைக்கும் மக்களின் மதம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பின்புறம் சாப்பாட்டு மேசை விரிந்துவிடும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஊரே மலசாடா என்ற போர்த்துகீசிய இனிப்பு உருண்டைக்காக வரிசையில் நிற்கும். கப்பஹுலு சாலையில் இருக்கும், 1952-ல் தொடங்கிய லெனர்ட்ஸ் பேக்கரியின் வரிசை அன்று தெருவரை வரும். ஷாமினாட் பிள்ளைகளுக்கு அந்தக் கடை தூரமில்லை. தொழுநோயாளிகளோடு மொலோக்காய் தீவில் 1873-லிருந்து வாழ்ந்து, அதே நோயால் 1889-ல் இறந்த புனித தமியான் அங்கே எல்லா மதத்தவருக்கும் சொந்தக்காரர். அவர் குருப்பட்டம் பெற்ற அமைதி அன்னை பேராலயம் ஹொனலுலு நகர மையத்தில் இன்றும் நடக்கிறது. உங்கள் மகள் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும்.

விளையாட்டைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. அங்கே போகும் எவருக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கதை சொல்லப்படும். 1982 டிசம்பர் 23. வர்ஜினியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி அப்போது அமெரிக்காவில் முதலிடம். அதில் ஏழடி நாலங்குல உயரத்தில் ரால்ஃப் சாம்ப்ஸன் இருந்தார். ஜப்பானில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் ஹொனலுலுவில் ஷாமினாட்டோடு ஒரு ஆட்டம். ஆயிரம் பேர்கூடப் படிக்காத கல்லூரி அது அப்போது. பயிற்சியாளர் மெர்வ் லோப்பஸ் முழுநேரப் பயிற்சியாளர்கூட இல்லை, பள்ளி ஆலோசகராக வேலை பார்த்தவர். ஷாமினாட் 77-72 என்று ஜெயித்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய அதிர்ச்சி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த வெற்றியின் பலத்தில்தான் 1984-ல் மாவி தீவில் பெரிய அணிகள் கூடும் போட்டி தொடங்கியது, அதை நடத்தும் பெயர் இன்றுவரை ஷாமினாட்டுக்குத்தான். 2023 ஆகஸ்டில் மாவியின் லஹைனா நகரம் தீயில் எரிந்தபோது அந்த வருடப் போட்டி ஹொனலுலுவுக்கு மாறியது. அணியின் பெயர் சில்வர்ஸ்வார்ட்ஸ். மாவியின் ஹலேயாகலா எரிமலையின் உச்சியில் மட்டும் வளர்ந்து, பல பத்தாண்டுகள் காத்திருந்து, வாழ்நாளில் ஒரே முறை பூக்கும் செடியின் பெயர் அது. கூடைப்பந்து ஒன்றும் புரியாவிட்டாலும் ஆட்டம் பார்க்கப் போகச் சொல்லுங்கள். சின்ன அரங்கம், ஆடுகிறவர்கள் எல்லோரும் வகுப்புத் தோழர்கள்.

இனி பணம். ஹவாயில் எல்லாமே விலை அதிகம், காரணம் எளிது. தின்னும் உணவில் சுமார் 85 முதல் 90 சதவீதம் வரை கப்பலிலும் விமானத்திலும் வெளியிலிருந்து வருகிறது. மிக அருகில் உள்ள பெரிய நிலப்பரப்பான கலிஃபோர்னியா சுமார் 3,850 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பால், ரொட்டி, பழம் எல்லாவற்றிலும் அந்தத் தூரத்தின் விலை சேரும். பல மாநிலங்களில் மளிகைச் சாமானுக்கு வரி இல்லை, இங்கே அதற்கும் பொது வரி உண்டு. வாடகைதான் எல்லாவற்றையும் மிஞ்சும். ஹாஸ்டலை விட்டு வெளியே போனால் நாலு பேர் சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். மாணவர் விசாவில் வருபவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் மட்டும் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சின்னக் கேம்பஸில் அந்த வேலைகளும் எண்ணிக்கையில் குறைவு. பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும். சாப்பாட்டைக் குறைப்பார்கள், வீட்டில் சொல்ல மாட்டார்கள். தனியார் பல்கலைக்கழகம் அறிவிக்கும் கட்டணம் வேறு, உதவித்தொகை கழித்து நீங்கள் கட்டப்போவது வேறு. இரண்டாவது தொகை என்ன, அது நான்கு வருடமும் அப்படியே நிற்குமா, எந்த மார்க்குக்குக் கீழே போனால் உதவித்தொகை நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

தீவில் அடைபடும் உணர்வு வரும், அது உண்மை. ஓவாஹுவைக் காரில் ஒரே நாளில் சுற்றிவந்துவிடலாம். முதல் வருடம் முடியும்போது 'இனி போக இடமில்லையே' என்ற நினைப்பு வரும். உள்ளூர்க்காரர்களுக்கே அது வரும். பெருநிலத்து மாணவர்கள் நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு ஊருக்குப் போவார்கள், உங்கள் மகளால் முடியாது. ஆனாலும் ஓவாஹு வெறும் தோப்பும் மணலும் உள்ள தீவு இல்லை. பத்து லட்சம் பேர் வாழும் இடம், பெரிய நகரம், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், பக்கத்திலேயே மனோவாவில் மாநில அரசின் பெரிய பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. பஸ் வசதி நல்லது, கார் இல்லாமலே சமாளிக்கலாம். கேம்பஸுக்கு மேலே அந்த மலைச்சாலை முடியும் இடத்தில் வாஅஹிலா மலைமுகட்டுப் பாதை தொடங்குகிறது. ஒரு சனிக்கிழமை காலை தோழிகளோடு அதில் ஏறினால் ஒரு பக்கம் மனோவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பாலோலோப் பள்ளத்தாக்கு. மனம் இறுகும்போது மலைக்குப் போவது, கடலுக்குப் போவது என்று அங்கே பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள்.

கடலைப் பற்றி ஒரு தாய்க்குச் சொல்லியே ஆக வேண்டியவை சில. நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் தோழிகள் அழைத்தால் இறங்கிவிடுவார்கள். போவதற்கு முன் நீச்சல் கற்றுக்கொடுங்கள். குளிர்கால மாதங்களில் வடக்குக் கரையில் எழும் அலை வீட்டு உயரத்துக்கு வரும், அது கரையில் நின்று பார்ப்பதற்கு. சாண்டி பீச் என்ற இடம் அழகாகத் தெரியும். அலை நேராகக் கரைமணலில் அறைவதால் கழுத்து முறிந்தவர்கள் பலர். பௌர்ணமி கழிந்து எட்டிலிருந்து பத்து நாளுக்குள் தென்கரையில் விஷச் சொறிமீன்கள் ஒதுங்கும், அந்த நாட்களில் வைக்கீக்கியில்கூட எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும் இறங்க வேண்டும், அவர் சொன்னால் வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் காலை 11:45-க்கு ஊர் முழுக்கச் சைரன் ஒலிக்கும். சுனாமி எச்சரிக்கை அமைப்பின் சோதனை அது. முதல் முறை கேட்டால் நெஞ்சு பதறும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டில் சைவமாக இருப்பது கடினம்தான். அந்த ஊர்ச் சாப்பாடு இரண்டு கரண்டிச் சோறு, மக்ரோனி சாலட், பக்கத்தில் கோழியோ பன்றியோ மீனோ. சோறு எங்கும் கிடைக்கும் என்பது பெரிய ஆறுதல், அதுவும் மூன்று வேளையும். ஆனால் ஒட்டும் ஜப்பான் அரிசி. டோஃபு, கீரை, பலாக்காய், பப்பாளி, தேங்காய் தாராளமாகக் கிடைக்கும். நம் மளிகைச் சாமான் கிடைக்கும் கடைகள் மிகக் குறைவு. ஊறுகாய், பொடி வகைகளைப் பெட்டியில் வையுங்கள். கருவேப்பிலை, பழம், விதை எதையும் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். விதை, பூச்சி விஷயத்தில் ஹவாய் மிகக் கண்டிப்பு. தமிழர்கள் சிலர் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். கவாயி தீவில் சைவ மடம் ஒன்றும், இந்தியாவில் செதுக்கிக் கப்பலில் கொண்டுபோன கருங்கல்லால் எழுப்பிய இறைவன் கோயிலும் உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கியது அது, 2023-ல் குடமுழுக்கு நடந்தது. ஹொனலுலுவிலிருந்து விமானத்தில் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

போன் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஹவாய் நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே ஞாயிறு காலை பதினொன்றரை. அந்த நேரம் இருவருக்கும் சௌகரியம், அவளுக்குத் தனிமை அதிகம் தெரியும் நேரமும் அதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மகளிடம் நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஹவாய் ஒரு தனி நாடாக இருந்தது. 1893-ல் ராணி லிலியுவோகலானியின் ஆட்சியை வெள்ளைக்கார வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு கவிழ்த்தார்கள். 1896-ல் பள்ளிகளில் ஹவாய் மொழியில் கற்பிப்பது நின்றது. 1898-ல் அமெரிக்கா சேர்த்துக்கொண்டது, 1959-ல் மாநிலமானது. பேச ஆளில்லாமல் போகும் நிலைக்கு வந்த அந்த மொழியைக் கடந்த ஐம்பது வருடங்களில் அந்த மக்களே போராடி மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷாமினாட் ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கும் இடம். உங்கள் மகளின் வகுப்புத் தோழி, தன் கொள்ளுப்பாட்டி பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடிவாங்கினாள் என்று சொல்லக்கூடும். அந்த இடத்தைச் சுற்றுலாத் தலமாக மட்டும் பார்க்கிறவர்கள்மேல் அங்கே மெல்லிய கசப்பு உண்டு. கற்றுக்கொள்ள வந்த விருந்தாளியாக நடந்துகொண்டால் அந்த மக்களைப் போல அணைத்துக்கொள்கிறவர்கள் இல்லை. முடிந்தால் ஹவாய் மொழியோ ஹூலா நடனமோ ஒரு செமஸ்டர் பாடமாக எடுக்கட்டும்.

பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் எப்படியாவது போய்வரப் பாருங்கள். சொந்தக்காரர்கள், தோழிகள், ஆசிரியர்கள் என்று ஆளுக்கொரு மாலை போடுவார்கள். ஆர்க்கிட், பிளுமேரியா, டி (ti) என்ற செடியின் இலை, மிட்டாய் கோத்த மாலை, டாலர் நோட்டை மடித்துக் கோத்த மாலை என்று கழுத்து மறைந்து மூக்குவரை ஏறிவிடும். வெளியூர்ப் பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்க அங்கே யாரும் விடமாட்டார்கள், இருந்தாலும் உங்கள் கையால் ஒன்று வேண்டும்.

முடிவெடுக்கும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு வருடமும் ஹாஸ்டல் அறை உறுதியா? கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடையிலும் ஹாஸ்டல் திறந்திருக்குமா, இல்லையென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள்? சமைக்க வசதி உண்டா? மருத்துவக் காப்பீடு கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? உதவித்தொகையின் நிபந்தனைகள் என்ன? இப்போது அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவி ஒருவரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்வார்களா? சின்ன இடம் என்பதால் பதில் எழுதுகிறவர் பெரும்பாலும் உங்கள் மகள் பிறகு நேரில் சந்திக்கப்போகும் ஆளாகத்தான் இருப்பார். பதிலின் தொனியையும் வேகத்தையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் தங்குமிடம் பற்றிய பதில் தெளிவாக வரவில்லை என்றால் வரும்வரை திரும்பக் கேளுங்கள்.